புகையும் நெருப்பும்

மலைமேல் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்க வேண்டும் என்று துணிவதே அனுமானப் பிரமாணத்துக்கு நம் தர்க்க நூலார் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவந்த உதாரணம். அந்த நூல்களின் பெயரைக்கூடக் கேட்டறியாத அமெரிக்க மெக்கானிக்குகளும் மோட்டார் வண்டியின் பிணி அறிவதில் நெடுங்காலம் இதே வழியில்தான் நடந்தார்கள்: வால்குழாயில் கரும்புகை கண்டால் பெட்ரோல் மிகை என்றும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கையில் அதன் பீங்கான் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறை என்றும், கண்ணும் மூக்கும் செவியும் தந்த அடையாளங்களைக் கொண்டு உள்ளே நடப்பதை ஊகித்தார்கள். அந்த வித்தை புலன்களை விட்டு எண்களுக்குக் குடிபெயர்ந்த பின்னும் ஊகத்தின் துணை அதற்கு ஏன் வேண்டியிருந்தது என்பதை, டர்போ பொருத்திய கார்களின் சரித்திரத்தில் பார்க்கலாம்.

இயந்திரம் கழித்துவிடும் புகைக்காற்றின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியைக் கொண்டே மேலும் காற்றை உள்ளே திணிக்கும் டர்போ என்னும் யுக்திக்கு ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் கடையில் வாங்கக்கூடிய சாதாரணக் காரில் அது ஏறியது 1962-இல்தான். அவ்வாண்டு வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில், அழுத்தம் ஏறும்போது எரிபொருள் முறை தவறி வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் அடிக்கும் ‘நாக்கிங்’ என்ற ஆபத்தைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சும் ஏற்பாடு இருந்தது. தொட்டியை நிரப்பப் பலர் மறந்தார்கள். வற்றிய தொட்டியோடு வண்டி தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொண்டது. கடைசியில் பல வண்டிகளில் டர்போவைக் கழற்றி எறிந்து சாதாரணக் கார்பரேட்டரை மாட்ட நேர்ந்தது. அருமையான ஒரு யந்திரம் மனிதனுடைய ஞாபக சக்தியை நம்பி வாழவேண்டி வந்ததே அதன் துரதிர்ஷ்டம் என்பேன்.

கண்காணிப்பை மனிதனிடமிருந்து வாங்கி மின்கருவிகளிடம் ஒப்படைக்கும் மாற்றத்துக்குப் பெருந்தூண்டுதல் வேகத்தின்மேல் கொண்ட ஆசையன்று, லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கவிந்த புகைமூட்டம். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் கூடி அந்த நச்சுப் பனியை உண்டாக்குகின்றன என்று ஹாகன்-ஸ்மிட் என்னும் ரசாயன அறிஞர் 1950-களில் நிரூபித்ததிலிருந்து கலிபோர்னியாவின் சட்டங்கள் இறுகிக்கொண்டே வந்தன. 1967-இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் ஊட்டும் முறை வோல்க்ஸ்வாகன் 1600-இல் ஏறியது. 1976-இல் அதே நிறுவனத்தின் ஆக்ஸிஜன் சென்சார் வால்வோ கார்களில் அமெரிக்கா சேர்ந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை, வெளியேறும் புகையில் எஞ்சிய ஆக்ஸிஜனை முகர்ந்து, சுமார் அரை வோல்ட்டுக்கு மேலும் கீழுமாக அது தெரிவித்தது.

இனி ப்யூக்கின் கதை. 1978-இல் கார்பரேட்டரோடு டர்போவை விற்ற அந்நிறுவனம், 1984-இல் கம்ப்யூட்டர் ஆளும் இன்ஜெக்டர்களுக்கு மாறி, 1987-இல் 245 குதிரைசக்தி கொண்ட கிராண்ட் நேஷனலை வெளியிட்டது. ப்யூக் உள்ளிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த சாக்கெட்டின் இரண்டு துளைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்தால், எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டிக் குறையைச் சொல்லும்: 44 என்றால் பெட்ரோல் குறை, 45 என்றால் மிகை. தர்க்க நூலார் சப்தப் பிரமாணம் என்பார்களே, சொல்லைக் கேட்டு அறிவது, அந்த வழி இப்படித்தான் பட்டறைக்குள் நுழைந்தது. சொல்பவன் நம்பத்தக்கவனாக இருந்தாலொழிய அந்த வழி செல்லாது என்பதையும் அதே நூலார் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வண்டியை மாற்றி அமைத்தவர்கள் இதைப் பொருட்செலவில் கற்றார்கள். வேறு சிப், பெரிய இன்ஜெக்டர், கூடுதல் காற்றழுத்தம் என்று சேர்த்தபின், முழு வேகத்தில் ஆக்ஸிஜன் சென்சார் காட்டிய மில்லிவோல்ட்டையே வேதவாக்காகக் கொண்டார்கள். அதுவோ 14.7-இன் அருகே மட்டும் கூர்மையாகப் பேசும் கருவி. அதற்கப்பால் அதன் எண் தன் சூட்டுக்கேற்ப அசையும். பந்தயப் பெட்ரோலில் உள்ள ஈயம் பட்டால் மெல்ல ஊமையாகும். இன்னும் விசித்திரம், பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்து ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், எரியாத அந்தச் சிலிண்டரின் ஆக்ஸிஜன் முழுவதும் சென்சாரை அடைய, அது பெட்ரோல் குறை என்றே சாட்சி சொல்லும். அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றியவர்கள் உண்டு. விவேகிகள், பெட்ரோல் குழாயை வண்டிக்குள் கொண்டுவருவது அபாயம் என்பதால், அழுத்தமானியைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள். டர்போ ஊதாத நிலையில் 43 பவுண்டு இருந்த பெட்ரோல் அழுத்தம், அது 20 பவுண்டு ஊதும்போது 63-க்கு ஏறாமல் தளர்ந்தால், குறை பம்பிலோ ஃபில்டரிலோ பம்புக்கு வரும் மின்சாரத்திலோ என்று அங்கிருந்து ஊகத்தைத் தொடங்கினார்கள். ஒரு சாட்சியை இன்னொரு சாட்சியைக் கொண்டு விசாரித்த அந்தப் பொறுமையை நான் மனமார மதிக்கிறேன்.

1996 முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களுக்கும் பதினாறு முனைச் சாக்கெட்டும் பொதுவான குறியெண்களும் கட்டாயமாயின. 44 போய் பி0171 வந்தது. எண் மாறினாலும் வழக்கு மாறவில்லை. காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கும் வண்டியில், டர்போவுக்குப் பின்னுள்ள குழாய் நெகிழ்ந்தால், அளந்த காற்று வெளியே தப்ப, வராத காற்றுக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றும். சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையில் விரிசல் கண்டாலோ, அளக்காத காற்று உள்ளே புகுந்து பெட்ரோல் குறையும். குறியெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் புதுச் சென்சார் வாங்கி மாட்டியவன் கையில் இரண்டு சென்சார்கள் இருக்கும். விரிசல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த விரிசலைக் காண அனுபவசாலி செய்வது எளிய காரியம். காற்று வரும் வாயை மூடியால் அடைத்து, அதன் வழியே மெல்லிய அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்திவிட்டு, விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழாய்ப் பொருத்தாகக் குனிந்து பார்த்து, எங்கிருந்து புகை நூலாக எழுகிறது என்று காத்து நிற்கிறான்.