நீடாமங்கலம்: தட்பவெப்பநிலையும் காவிரிப் படுகையின் வட்டார வேறுபாடுகளும்

நீடாமங்கலம், தஞ்சாவூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலும் வங்கக் கடற்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலும் அமைந்த ஊர். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மரின் அரசியான யமுனாம்பாளின் பெயரால் முன்பு யமுனாம்பாள்புரம் என்றும் வழங்கியது. ஊருக்கு அருகே மூணாறு தலைப்பு என்னும் நீரொழுங்கியில், அதாவது ஆற்று நீரைத் தேக்கிப் பிரித்துவிடும் மதகுத் தொகுதியில், பெரிய வெண்ணாறு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. இவ்வட்டாரத்தின் தட்பவெப்பநிலையை அறிய விரும்புவோர் ஊரில் பெய்யும் மழையை மட்டும் அளந்தால் பாதியையே அறிவர்; மறுபாதி 300 கி.மீ.-க்கு அப்பால் குடகு மலையில் வேறொரு பருவத்தில் பெய்து, ஆற்றின் வழியே இங்கு வந்து சேர்கிறது.

பருவப் பகுப்பு

பழந்தமிழ் மரபு ஆண்டை இரண்டிரண்டு மாதங்கள் கொண்ட ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது: ஆவணி, புரட்டாசி கார்காலம், ஐப்பசி, கார்த்திகை கூதிர், மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி, சித்திரை, வைகாசி இளவேனில், ஆனி, ஆடி முதுவேனில். தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் பாலைக்கு வேனிலையும் உரியனவாக்கி, வயலும் வயல் சார்ந்த இடமுமாகிய மருதத்துக்கு வைகறை, விடியல் ஆகிய சிறுபொழுதுகளை மட்டும் கூறிப் பெரும்பொழுது எதையும் கூறாது விடுகிறது. உரையாசிரியர்களும் பிற்கால அகப்பொருள் இலக்கணங்களும் ஆறு பெரும்பொழுதுகளும் மருதத்துக்கு உரியன என்று விளக்கினர். இது வெறும் இலக்கண ஒதுக்கீடு அன்று. முல்லை நிலத்தின் வரகும் மலைச்சாரலின் தினையும் தத்தம் மண்ணில் விழும் மழையையே நம்பியிருக்க, ஆற்றுப் பாய்ச்சல் பெற்ற மருத நிலத்துக்குத் தன் தலைமேல் எப்போது மழை பெய்கிறது என்பது ஒன்றே வாழ்வைத் தீர்மானிக்கும் செய்தியாக இருக்கவில்லை. ஆகவே அந்நிலத்தை ஒரு பருவத்தோடு பிணைக்காமல் விட்டது படுகையின் நீரியலை நன்கறிந்தோர் செய்த பகுப்பாகவே தோன்றுகிறது.

கார்காலம் என்பதை இன்றைய வடகிழக்குப் பருவமழையோடு ஒன்றாக்கிக் கூறுவது பொருந்தாது. ஆவணி, புரட்டாசி என்பவை ஆகஸ்டு நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையுள்ள நாள்கள். அப்போது படுகையில் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை, அதாவது பகல் வெயிலில் சூடேறிய காற்று மேலெழுந்து குளிர்ந்து, மாலையிலோ இரவிலோ இடிமின்னலுடன் கொட்டி ஓயும் மழை. நாள்கணக்கில் விடாது பெய்யும் அடைமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருவது. அது கூதிருக்கு உரியது. ஆண்டுத் தொடக்கத்தை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஆவணியில் கொண்டதும் இங்குக் கருதத்தக்கது, ஏனெனில் வறண்ட முதுவேனில் முடிந்து முதல் மழை தொடங்கும் இடத்திலிருந்து ஆண்டை எண்ணுவது உழவரின் கணக்கோடு இசைகிறது.

காற்றின் பெயர்களும் பருவத்தைக் காட்டுவன. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை. நீடாமங்கலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் மேல்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்டு வருவதால், குறுவை நாற்றங்கால் விடும் காலத்தில் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஐப்பசி முதல் வீசும் கொண்டலும் வாடையும் வங்கக் கடலின் ஈரத்தைக் கொண்டுவருகின்றன.

1875-இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை நான்காகப் பகுக்கிறது: சனவரி, பிப்ரவரி குளிர்காலம், மார்ச்சு முதல் மே வரை கோடைக்காலம், சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஒரு நாளின் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 மணி வரை மழைமானியில் சேர்ந்த நீர், 2.5 மி.மீ.-க்குக் குறையாது பெய்த நாள் மழைநாள், 64.5 மி.மீ.-ஐ எட்டினால் கனமழை, 115.6 மி.மீ.-ஐ எட்டினால் மிகக் கனமழை, 204.5 மி.மீ.-ஐ எட்டினால் அதிகனமழை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாளாக அக்டோபர் 20 கொள்ளப்படுகிறது; ஒரு வாரம் முன்பின்னாக அமைவதும் இயல்பே. உழவர் வழங்கும் பகுப்பு பெரும்பொழுது, வானிலைத் துறைப் பகுப்பு ஆகிய இரண்டுக்கும் அப்பாற்பட்டது. குறுவை, சம்பா, தாளடி என்பவை பயிர்களின் பெயர்களாக மட்டுமன்றிப் பருவங்களின் பெயர்களாகவும் வழங்குகின்றன: குறுவை சூனில் தொடங்கிச் செப்டம்பரில் அறுவடையாகும் நூறு நாளை ஒட்டிய பயிர், சம்பா ஆகஸ்டில் விதைத்துச் சனவரியில் அறுக்கும் நீண்ட காலப் பயிர், தாளடி குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நட்டு மாசியில் அறுப்பது.

உலகத் தட்பவெப்பப் பகுப்புகளுள் பெரிதும் வழங்கும் கோப்பன் முறையில் இவ்வட்டாரம் வெப்பமண்டலச் சவன்னா வகையில், கோடை வறண்ட உட்பிரிவில் அடங்குகிறது. அவ்வகையின் பெரும்பகுதி நிலங்களில் மழை கோடையில் பெய்ய, இங்கு அது குளிர்காலத்தை ஒட்டிப் பெய்வதே சிறப்பு. தமிழ்நாட்டு வேளாண்மையை முன்னிட்டுப் பகுக்கப்பட்ட ஏழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களுள் காவிரிப் படுகை தனி மண்டலம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளுடன் திருச்சிராப்பள்ளி, அரியலூர், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளும் அதில் அடங்கும்.

கடற்கரையிலிருந்து உள்நாடு வரை

படுகை முழுவதும் ஒரே தட்பவெப்பநிலை கொண்டது என்று வெளியூரார் கருதுவதுண்டு. கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்ல மழை குறைந்துகொண்டே போவதை அளவீடுகள் காட்டுகின்றன. நாகப்பட்டினக் கரையில் ஆண்டு மழை 130 செ.மீ.-ஐத் தாண்டுகிறது, திருவாரூர் மாவட்டத்தில் 110 முதல் 120 செ.மீ. வரை, தஞ்சாவூரில் ஏறத்தாழ 100 செ.மீ.; திருச்சிராப்பள்ளியில் 80 செ.மீ. அளவு. மாநிலச் சராசரி ஏறத்தாழ 92 செ.மீ. மழையின் மொத்தம் மட்டுமன்றி அது பெய்யும் காலமும் மாறுகிறது. கடற்கரையில் ஆண்டு மழையில் மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிட, மேற்கே செல்லச் செல்ல அப்பங்கு பாதியை நோக்கிக் குறைந்து, ஆகஸ்டு, செப்டம்பர் இடிமழையின் பங்கு உயர்கிறது. காரணம் எளிது: வடகிழக்குப் பருவத்தில் மழையைத் தருபவை வங்கக் கடலில் தோன்றி மேற்கு நோக்கி நகரும் காற்றழுத்தத் தாழ்வுகளும் கீழைக்காற்று அலைகளும், அவை தரையேறியவுடன் ஈரவரத்தை இழக்கத் தொடங்குகின்றன. வெப்பச்சலன மழைக்கோ சூடேறிய உள்நாட்டுத் தரை வேண்டும்.

நீடாமங்கலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கார்த்திகை அடைமழையும் புரட்டாசி இடிமழையும் இங்கு இரண்டுமே பயிருக்குக் கணக்கில் வருவன. மே மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 37 செல்சியஸ் பாகையை ஒட்டியும், மார்கழி, தை இரவுகளில் 21 பாகையை ஒட்டியும் அமைகிறது. கோடைப் பகலில் கடற்காற்று நாகப்பட்டினத்தில் நண்பகலை ஒட்டியே புகுந்து வெப்பத்தைத் தணிக்க, நீடாமங்கலத்துக்கு அது பிற்பகல் சாயும் வேளையில்தான் வந்து சேர்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு அந்தத் துணையும் மிகக் குறைவு.

முன்பனிக் காலத்தின் பனிப்பொழிவைத் தட்பவெப்ப நூல்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. இவ்வட்டாரத்தில் அது ஒரு பயிரையே வளர்க்கிறது. சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் முன்பு, ஈரம் காயாத வயலில் நிற்கும் நெற்பயிருக்கு இடையே உளுந்தும் பாசிப்பயறும் தெளிக்கப்படுகின்றன. நெல் அறுத்த பின் அவை மண்ணில் தங்கிய ஈரத்தையும் இரவுப் பனியையும் மட்டுமே கொண்டு, பாய்ச்சல் இன்றிப் பங்குனிக்குள் விளைந்துவிடுகின்றன. நெல் தரிசுப் பயறு எனப்படும் இம்முறை, தட்பவெப்ப அறிவு உழவில் எவ்வளவு நுட்பமாகச் செயற்படும் என்பதற்குப் படுகையில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று.

இரு பருவங்களின் நீர்

குடகில் தென்மேற்குப் பருவமழை சூனில் தொடங்குகிறது. அதன் நீர் கர்நாடக அணைகளைக் கடந்து மேட்டூர் அணையை அடைகிறது. 1934-இல் திறக்கப்பட்ட இவ்வணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). மரபாகச் சூன் 12-இல் அணை திறக்கப்பட, நீர் சில நாள்களில் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட்டு நீடாமங்கலத்தை நோக்கி வருகிறது. மேல்காற்று வீசி மண் வெடிக்கும் ஆனி மாதத்தில் ஆற்றில் நீர் ஓடுவதன் காரணம் இதுவே. குறுவை ஆற்று நீரில் தொடங்குகிறது. சம்பா ஆற்று நீரில் தொடங்கி மழைநீரில் முதிர்கிறது.

இவ்விரு நீர்வரவும் ஒரே ஆண்டில் எதிரெதிராக அமைவதுண்டு. பசிபிக் கடலின் மேற்பரப்பு இயல்பினும் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நலிவதும், வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் பெரும்பான்மை. 2023-இல் சூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தும், நீர்வரத்து இன்றிக் குறுவை தவித்தது; அக்டோபரில் அணை மூடப்பட்டது. 2016-இலோ இரண்டும் ஒருசேரப் பொய்த்தன. அவ்வாண்டு மாநிலத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பில் பாதியையும் எட்டவில்லை.

மடையின் இடமும் இங்குத் தட்பவெப்பத்தின் ஒரு கூறாகவே கருதப்பட வேண்டும். கல்லணையை ஒட்டிய தலைமடை வயல்களுக்கு நீர் முதலில் கிடைக்கிறது. முத்துப்பேட்டை, வேதாரணியம் பக்கத்துக் கடைமடையில் ஆற்று நீர் வந்து சேரும் நாள் உறுதியற்றது. ஆகவே அங்குள்ளோர் புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழையை எதிர்நோக்குகின்றனர். கார்த்திகையில் இந்நிலை தலைகீழாகிறது. மேலிருந்து வரும் வெள்ளமும் உள்ளூர் மழையும் சரிவு மிகக் குறைந்த கடைமடையில் தேங்க, கடல் ஏற்றமும் சேர்ந்தால் வடிகால் நின்றுவிடுகிறது. நீரில் மூழ்கினாலும் பல நாள் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல் வகை இத்தகைய வயல்களுக்கென்றே பரிந்துரைக்கப்படுகிறது.

பதிவுகளும் புயல்களும்

தஞ்சாவூர் மாவட்டத்தைப் பற்றி டி. வெங்கசாமி ராவ் 1883-இல் ஒரு கையேடும், எஃப். ஆர். ஹெமிங்வே 1906-இல் ஒரு மாவட்ட விவரச்சுவடியும் தொகுத்தனர். நீண்டகால மழைக் கணக்கை ஆராய்வோர் கருத வேண்டிய ஒன்று உண்டு: 1991-இல் நாகப்பட்டினமும் 1997 சனவரி 1 முதல் திருவாரூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தமையால், பழைய ஏடுகளில் தஞ்சாவூர் என்று குறிக்கப்படும் சராசரி இன்றைய தஞ்சாவூருடையது அன்று, கோடியக்கரை முதல் கல்லணை வரையுள்ள எல்லா வேறுபாடுகளையும் ஓர் எண்ணுக்குள் கரைத்த கணக்கு அது.

1924 சூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் குடகின் மழையால் வந்தது. புயல்களோ வங்கக் கடலிலிருந்து வருவன. அவற்றின் காலம் பெரும்பாலும் நவம்பர். 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறிய புயலும், 1977 நவம்பர் 12-இல் கரையேறிய புயலும் படுகையில் பேரழிவை விளைத்தன. 2008 நவம்பரில் காரைக்காலை ஒட்டிக் கரையேறிய நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 66 செ.மீ. மழை பதிவாயிற்று. மழையைவிடக் காற்றால் அழித்தது 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜா. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் ஒரு தலைமுறை காலமாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. நெல் அடுத்த பருவத்தில் மீள்வது. தென்னை மீளப் பல ஆண்டுகள் வேண்டும்.

இன்றைய நிலை

பருவம் தவறிய மழை அண்மைக் காலத்தில் மிகுந்துள்ளது: வடகிழக்குப் பருவமழை 2021 சனவரி 19 வரை நீடித்தது, 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது, 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா நனைந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்தின் இயல்பான வரம்பு 17 விழுக்காடு ஆதலால், அறுவடைக் கால மழை விளைச்சலை மட்டுமன்றி விற்பனையையும் தடுக்கிறது. நீடாமங்கலம் ரயில் நிலையத்திலிருந்து பிற மாவட்டங்களுக்கு நெல் ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில்களின் பணியும் தடைப்படுகிறது. காரைக்கால் டாப்ளர் ராடார் படுகையின் மழைமேகங்களைக் கண்காணிக்கிறது. ஊரில் வேளாண் அறிவியல் நிலையமும், படுகையில் நெல்லாய்வுக்கு 1922-இல் தோன்றிய ஆடுதுறை நிலையமும் உள்ளன. மேட்டூர் அணை திறக்கும் நாளும் மரபான சூன் 12-இலிருந்து விலகுகிறது: 2022-இல் மே 24-இலும், 2024-இல் சூலை 28-இலும் அது திறக்கப்பட்டது.