பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

மலர்க் குழுவினர் அனுப்பிய படிவத்தில் முதல் கட்டமே "பெயர் (பட்டங்களுடன்)" என்றிருந்தது. நிரப்பும்போது சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் என் ஆபீஸ் மின்னஞ்சல்களின் அடியில் பி.இ., பி.எம்.பி., சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட் என்று கூட்ஸ் வண்டி மாதிரி கோத்து வைத்திருந்தவன் நான். "சரி, நன்றி" என்று பதில் ஒரே வரி. அதற்குக் கீழே ஐந்து வரிக்கு நான்! கையொப்பம் நான்கு வரியைத் தாண்ட வேண்டாம் என்று 1995-லேயே இணைய நாகரிகக் குறிப்பு (ஆர்.எஃப்.சி. 1855) சொல்லிவிட்டது. யார் கேட்டோம்?

பிறகு ஒரு சம்பவம் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கப்புறம்தான் இந்த எழுத்துகளின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன்.

வழக்கம் பழசுதான். 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, நம் தொழிலின் மூத்தவர் ஒருவரை வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்கிறது. ராஜா தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறார். எந்தப் பரீட்சையும் அதற்கு ஈடாகாது, விடுங்கள்.

பரீட்சை எழுதி வாங்கும் பட்டம் நமக்கு 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு வந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை என்ற இருவர். இரண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதன் பின் வீட்டு வாசல் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பி.ஏ., பி.எல். ஏறிக்கொண்டது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அப்படிக் காலியான இடத்தில் படிப்புப் பட்டம் வந்து உட்கார்ந்தது என்பது என் அபிப்பிராயம். பிறப்பால் வந்ததைவிட ராத்திரி கண் விழித்து வாங்கியது மேல் இல்லையா?

இதில் என்னை ரொம்ப நேரம் நிறுத்தியவர் ஏ. லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் கணவரை இழந்தார், கையில் நாலு மாதக் குழந்தை. அப்பா கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். அங்கேயே சேர்ந்து 1943-ல் எலக்ட்ரிகலில் பட்டம் பெற்றார், இந்தியாவின் முதல் பெண் எஞ்சினியர்களில் ஒருவராக. சான்றிதழில் 'அவன்' என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்களாம். 1953-ல் லண்டன் மின் பொறியாளர் கழகம் அவரை அசோசியேட் உறுப்பினராக எடுத்துக்கொண்டது. 1966-ல் முழு உறுப்பினர். அந்த எழுத்துகளை அவர் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் தம்பட்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

இனி அந்தச் சம்பவம். எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மின்னஞ்சல் கையொப்பம் என்று முடிவெடுக்கக் கமிட்டி போட்டார்கள். பெயர், பதவி, போன் நம்பர் போதும், பட்டம் எதற்கு என்று முதலில் கை தூக்கியது நான்தான். எனக்கு அதெல்லாம் அலுத்துப்போயிருந்தது. ஒரு வாரம் கழித்து மெஷின் ஷாப்பிலிருந்து ஒரு சீனியர் வந்தார். டிப்ளமாவோடு சேர்ந்து, ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. முடித்தவர். 1920-ல் தொடங்கி 1935-ல் ராயல் சார்ட்டர் பெற்ற இந்தியப் பொறியாளர் கழகம் நடத்தும் பரீட்சை அது. கல்லூரிக்குப் போக வழியில்லாத எத்தனையோ பேர் அதில்தான் எஞ்சினியர் ஆனார்கள். 2013 மே 31 வரை பதிந்தவர்களுக்குத்தான் அதை பி.இ.க்குச் சமமாக அரசு ஏற்கிறது; அப்புறம் பதிந்தவர்களுக்கு இல்லை.

"தம்பி, உங்களுக்கு பி.இ. நாலு வருஷம். எனக்கு செக்‌ஷன் பி முடிக்கவே ஏழு வருஷம். அதை எடுத்துட்டா, புதுசா மெயில் பாக்கிறவனுக்கு நான் வெறும் ஃபோர்மேன்தானே?" என்றார். கோபமாகக்கூட இல்லை.

என்னிடம் பதில் இல்லை. கமிட்டியிடம் மறுபடி எழுதினேன். முடிவானது முடிவானதுதான் என்றார்கள். அவர் ஓய்வு பெறும்வரை மின்னஞ்சலில் வெறும் பெயரோடுதான் இருந்தார். ஆனால் ஷாப்புக்குப் போகும் டிராயிங் பிரிண்டில் 'அப்ரூவ்ட்' கட்டத்தில் மட்டும் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஏ.எம்.ஐ.இ. என்று பேனாவால் எழுதுவார். நான் அந்தப் பிரிண்டுகளை ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பவில்லை.