மண்சுவரில இருந்து பொருத்து வீடு வரைக்கும்

எங்கட மல்லாவி வீட்டைப் பெருப்பிக்க வேணும். தங்கச்சி ஏசி பூட்டுவம் எண்டுறா. அதுக்கு முதல், எங்கட வீடுகள் எப்ப இருந்து இப்பிடி வெக்கையாச்சு எண்டு பாப்பம்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வவுனிக்குளத்தைத் திருத்திக் காணி குடுத்தபோது வந்த ஆக்கள் போட்டது காட்டுத்தடியும் களிமண்ணும் ஓலையும் கொண்ட வீடுகள். தடிச்ச மண்சுவர் பகல் சூட்டை மெல்ல மெல்லத்தான் உள்ளே விடும். அது வந்து சேர முதல் பொழுது சாய்ந்துவிடும். தாழ்ந்த தாவாரம் சுவரில் வெயில் பட விடாது. கறண்ட் இல்லாத ஊரில் அதுதான் ஃபான்.

90களில் பொருளாதாரத் தடை. சீமெந்து வன்னிக்குள் வருவதே அருமை. 1996 இல் கிளிநொச்சிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த சனம் மல்லாவியில் நிறைந்தபோதும் மண்ணும் ஓலையும்தான் கைகொடுத்தன. (இதை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஓலை ஒழுகும், கறையான் அரிக்கும், சாணம் குழைச்சு மெழுகினது அம்மம்மாவின்ர கை.) 2002 இல் ஏ9 பாதை திறந்தது, சீமெந்தும் வந்தது. 2008 இல் ஓடேக்க சனம் கூரையைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது கிடைத்தது நிவாரணத் தகரம். மத்தியானம் அதுக்குக் கீழ இருந்தவைக்குத் தெரியும்.

பிறகு இந்திய வீட்டுத்திட்டம். மொத்தம் 50,000 வீடுகள். பெரும்பாலானவர்களுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாக, தாங்களே கட்ட வேணும். எங்கட வீடும் அதில ஒண்டு.

2016 இல் பொருத்து வீடு வந்தது. ஆர்சலர்மிட்டல் நிறுவனத்தின் 65,000 உருக்கு வீடுகள், ஒண்டுக்குக் கிட்டத்தட்ட 21 லட்சம் ரூபா. எதிர்ப்பில் விலைதான் பெரிசாப் பேசப்பட்டது. எனக்கு முக்கியமாப் படுறது மற்றக் குற்றச்சாட்டுகள்: காற்றோட்டம் போதாது, விறகடுப்புக்கு இடமில்லை, பிறகு பெருப்பிக்க ஏலாது. வன்னியில் ஆர் வீட்டை ஒரே தரத்தில் கட்டி முடிச்சது? முதல் ஒரு அறை, பிறகு குசினி, மகளின்ர கலியாணத்துக்கு ஒரு பத்தி. அந்த 65,000 வீட்டுத் திட்டம் நிறைவேறவில்லை.

எங்கட வீட்டில மேற்குச் சுவர்தான் பின்னேரம் கொதிக்குது. அங்க புது அறை போடாமல் அகலமான விறாந்தை இறக்கினால் சுவருக்கு நிழல் வரும். அறையை வடக்கே எடுத்து, ஓட்டுக்குக் கீழ சீலிங் அடிச்சு, முகட்டுப் பக்கம் சூடு வெளியேற வழி விட்டால் ஏசி தேவைப்படாது எண்டு நினைக்கிறன். விறாந்தைக்குத் தகரம் மலிவு எண்டுறார் மேசன். அம்மம்மா கிடுகு எண்டுறா. தங்கச்சி இன்னும் ஏசியிலதான் நிக்கிறா.