நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருதல்

தாயிடமிருந்து நாய்க்குட்டியைப் பிரித்துப் புது வீட்டில் பழக்குவதில் வரும் சிக்கல்களில் பாதி வயதுக் கணக்கில் தொடங்குகிறது. 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன இந்தியாவின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள். நடப்பிலோ, தட்டில் வைத்த சோற்றை நக்கத் தொடங்கிவிட்டால் ஒரு மாதக் குட்டியையே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். சீக்கிரம் வந்தால்தான் வீட்டோடு ஒட்டும் என்று இதற்கொரு நியாயமும் உண்டு. ஆனால் ஒன்றையொன்று கடித்துப் புரண்டு விளையாடும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போகும் என்பதைக் குட்டிகள் கற்கின்றன. அதைக் கற்காமல் வருவது, வீட்டுப் பிள்ளைகளின் கைகாலில் கற்றுக்கொள்ளும்.

தேர்வு செய்யும்போது நிறத்தைப் பார்ப்பவர்கள் காதைப் பார்ப்பதில்லை. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனங்களுள் ஒன்றான ராஜபாளையம் நாயில் முழு வெள்ளை உடலுக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் மதிப்பு அதிகம். நிறமி குறைந்த இத்தகைய குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாமை வருவதுண்டு. கூட்டத்தோடு இருக்கையில் இது தெரியாது, மற்றவை ஓடினால் செவிட்டுக் குட்டியும் ஓடும். தனியே பிரித்து, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். மிக அருகில் கைதட்டினால் காற்று பட்டே திரும்பிவிடும்.

வீட்டுக்கு வந்த குட்டிக்குப் பெரிய எமன் பார்வோ வைரஸ். 1978இல் அடையாளம் காணப்பட்ட இந்த நோய் ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. வாந்தி, நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சல், நீரிழப்பு என்று இரண்டு மூன்று நாளில் குட்டியைச் சாய்த்துவிடும். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். பினாயில் போன்ற சாதாரணத் தரைத் துப்புரவு நீர்மங்களை நம்ப முடியாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் அதைக் கொல்லும். முந்தைய குட்டி கழிச்சலில் இறந்த வீட்டில் உடனே இன்னொன்றைக் கொண்டுவந்து விடுவது அதையும் சாகக் கொடுப்பதற்குச் சமம்.

6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியை 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுவதற்குக் காரணம் உண்டு. சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்பொருள் குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது செயலிழக்கச் செய்கிறது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். எனவே ‘ஒரு ஊசி போட்டாச்சு’ என்பது பாதுகாப்பு ஆகாது.

சங்கடம் இங்கேதான். அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் குட்டிகளை ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில், சுமார் 3 முதல் 12 வாரம் வரையிலான காலமே குட்டி மனிதரோடும் பிற உயிர்களோடும் ஒட்டும் பருவம் என்று காட்டினர். ஊசிகள் முடியும் முன்பே அந்தப் பருவம் முடிந்துவிடுகிறது. ஊசிகள் முடியும்வரை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் நோய் தப்பும். குடை, ஹெல்மெட், புது மனிதர் என்று எதைக் கண்டாலும் மிரண்டு குரைக்கும் நாய் மிஞ்சும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழிந்ததும் பழக்கத் தொடங்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008இல் அறிவுறுத்தியது. தெருநாய்கள் நடமாடும் நம் ஊர்களில், தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வருவதே உத்தமம். குக்கர் விசில், மிக்ஸி, பேருந்து ஹாரன் எல்லாம் அந்த வயதில் காதில் விழ வேண்டும்.

முதல் இரவுகளில் குட்டி அழுவது பிடிவாதத்தால் அல்ல, உடன் படுத்த உடல்களின் சூடு இல்லாததால். மொட்டைமாடியில் கட்டிப்போட்டு ‘பழகிவிடும்’ என்று விடுவதைவிட, ஆள் படுக்கும் அறையிலேயே சாக்குப் போட்டுப் படுக்கவைப்பது நல்லது. தாயின் மேல் தேய்த்து எடுத்துவந்த பழந்துணியும் உதவும். 8 வாரக் குட்டியால் 2, 3 மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும் தின்றதும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோனால் பழகும். தரையில் போன சிறுநீரில் மூக்கைத் தேய்த்தால் பயம்தான் பழகும்.

பசும்பால் பலர் கொடுக்கும் முதல் உணவு, பல குட்டிகளுக்கு வரும் முதல் கழிச்சலும் அதனால்தான். நாய்ப்பாலில் உள்ள கொழுப்பிலும் புரதத்திலும் பாதிகூடப் பசும்பாலில் இல்லை. செரிக்கச் சிரமமான பால் சர்க்கரையோ கூடுதல். முன்பு இருந்த இடத்தில் என்ன தின்றதோ அதையே சில நாள் கொடுத்து, மெல்ல மாற்ற வேண்டும். வெறும் பால்சோற்றில் வளரும் குட்டிக்கு முன்னங்கால் வளையக்கூடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் நஞ்சு. தாயின் வயிற்றிலும் பாலிலும் குடற்புழு தொற்றுவதால் புழுநீக்க மருந்து முதல் மாதத்திலிருந்தே தேவை.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்தில் போடப்படுகிறது. அதற்கு முன் கூரிய பால்பல்லும் நகமும் பட்டுக் கீறிவிட்டால் குட்டிதானே என்று விடக் கூடாது. தெருவில் எடுத்த குட்டியானால் இன்னும் கவனம் வேண்டும், அந்த வயதிலும் நோய் இருக்க முடியும். கீறிய இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்ட வேண்டும்.