பதினைந்து என்றொரு பெயர்

லினக்ஸ் டெர்மினலில் 'ஆர்டிஎம்எஸ்ஆர்' என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு. ரூட் அனுமதியோடு ஒரு ரெஜிஸ்டரின் எண்ணைக் கொடுத்தால், இன்டெல், ஏஎம்டி பிராசஸர்கள் அந்த இடத்தில் வைத்திருக்கும் மதிப்பைச் சொல்லிவிடும். கேட்டால் சொல்கிறது, இதில் என்ன வரலாறு என்று தோன்றும்.

ஆனால் கேட்கிற உரிமை சும்மா வந்ததில்லை. 1993இல் பென்டியம் வந்தபோது, பல ரெஜிஸ்டர்களின் விவரம் பொதுக் கையேட்டில் இல்லை. 'இணைப்பு எச்' என்று ஒரு பெயர் மட்டும் இருந்தது. உள்ளே பார்க்க ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நார்வேக்காரரான டெர்யே மாத்திசன் தானே நோண்டிக் கண்டுபிடித்ததை 1994 ஜூலை 'பைட்' இதழில் எழுதினார். காசு கொடுத்து வாங்கிய சிப்பைப் புரிந்துகொள்ளவே உளவு வேலை பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு நேரெதிரான கதை நம்ம ஊரில் நடந்தது. நந்தனத்திலிருந்து சைதாப்பேட்டை பாலம் தாண்டி சர்தார் படேல் சாலையில் திரும்பினால் ஐஐடி மெட்ராஸ். அங்கே பேராசிரியர் காமகோடியின் குழு 2014இல் 'சக்தி' பிராசஸர் திட்டத்தைத் தொடங்கியது. அடித்தளம், பெர்க்லியில் 2010இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ். அதற்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. சக்தியின் வடிவமைப்பும் திறந்த மூலம்தான், யாரும் எடுத்துப் படிக்கலாம்.

ரிஸ்க்-ஃபைவில் 'மார்ச்ஐடி' என்று ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. 'நீ யாருடைய வடிவமைப்பு?' என்ற கேள்விக்கு அதில்தான் பதில். திறந்த மூல வடிவமைப்புகளுக்கான எண்களை ரிஸ்க்-ஃபைவ் அமைப்பே பொதுப் பட்டியலில் ஒதுக்குகிறது. பெர்க்லியின் 'ராக்கெட்' 1. சக்தியின் இ-கிளாஸ் 6, சி-கிளாஸ் 15. போர்டை ஜிடிபி டீபக்கரோடு இணைத்து ஒரே வரியில் கேட்கலாம். விதிப்படி சி-கிளாஸ் சொல்ல வேண்டிய பதில் 15. அந்த எண் சிப்புக்குள் எப்படி வருகிறது என்பதையும் மூலநிரலில் தேடிப் பார்க்கலாம். கையெழுத்து எதுவும் போட வேண்டாம்.

ஆனால் அந்த 15 எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 2018இல் வந்த சக்தியின் முதல் சிப்பான 'ரைஸ்க்ரீக்' அமெரிக்காவின் ஓரிகனில், இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டரில் தயாரானது. ரெஜிஸ்டர் சொல்வது வடிவமைத்தவர் எழுதியதை மட்டும்தான். ஆலையில் என்ன நடந்தது என்று கேட்க எந்தக் கட்டளையும் இல்லை. அடுத்து வந்த 'ரிமோ' சண்டிகர் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில் தயாரானது. இன்டெல் 1999லேயே பென்டியம் 3க்குப் பயன்படுத்திய அளவு அது. வேகத்தில் பார்த்தால் பின்னடைவுதான். ஆனால் எழுதிய கையும் வார்த்த ஆலையும் ஒரே நாட்டில் இருந்தன.