பள்ளி ஓவியக் கல்வி

பள்ளி ஓவியக் கல்வி என்பது கோடு, வடிவம், நிறம், நிழல் ஆகியவற்றையும் அவற்றுக்கான கருவிகளைக் கையாளும் முறைகளையும் வகுப்பறையில் மாணவர்க்குப் பயிற்றும் பாடம். பென்சில், மெழுகு வண்ணம், நீர்வண்ணம், போஸ்டர் வண்ணம், களிமண், ஒட்டுப்படம் என ஊடகம்வாரியாக வகுக்கப்படும்.

நிழலிட 2பி முதல் 6பி வரையான பென்சில்கள் ஏற்றவை. வகுப்புப் பையிலோ பெரும்பாலும் ஹெச்பி மட்டுமே இருக்கும். நீர்வண்ணத்தில் வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பின்னர். வெள்ளைக்குத் தாளையே விட்டுவைப்பர். போஸ்டர் வண்ணம் மறைக்கும் தன்மையது என்பதால் அடர்நிறத்தின்மேலும் வெளிர்நிறம் தீட்டலாம். மெழுகால் வரைந்து மேலே நீர்வண்ணம் பூசினால் மெழுகிட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது. சிறு வகுப்புகளில் இதற்கு வரவேற்பு அதிகம்.

சென்னையில் முறையான ஓவியப் பயிற்சி, 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து வளர்ந்தது. பள்ளி அளவில், 2022-23 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியப் போட்டிகளும் அடங்கிய கலைத் திருவிழா நடைபெறுகிறது.

உள்ளூர்க் கலைப்பொருளும் பாடப்பொருளாகும். திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த சோழர்கால நடராசர் செப்புத்திருமேனி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் ஒளிப்படங்களைக் கண்டு சிற்பி ரோடின் எழுதிய கட்டுரை 1921இல் வெளிவந்தது. உடலின் சமநிலையைக் கோட்டில் பிடிக்க அத்திருமேனி சிறந்த மாதிரி.