மிளகாய்க்கு முந்திய ஊறுகாய்ச் சாடி

ஹிஜ்ரி 731-ஐ ஒட்டி, அதாவது கி.பி. 1331 வாக்கில், பயணி இப்னு பதூதா கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகதிஷு துறைமுகத்தில் இறங்கினார். சுல்தானின் விருந்தினராக அங்கே தங்கியபோது தமக்குப் பரிமாறப்பட்ட உணவை அவர் பொறுமையாக விவரிக்கிறார். நெய் விட்டுச் சமைத்த சோறு. அதன் மேல் கோழியும் இறைச்சியும் மீனும் காய்கறியும் சேர்ந்த குழம்பு. தயிரோடு தொடுகறியாக எலுமிச்சை ஊறுகாய், காடியிலும் உப்பிலும் ஊறிய மிளகுக் கொத்துகள், பச்சை இஞ்சி, மாங்காய். பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையில் ஹொன்னாவர் சுல்தானின் விருந்திலும் ஏறத்தாழ இதே தொடுகறிகளைக் கண்டதாக எழுதுகிறார்.

ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அந்த மிளகுக் கொத்து ‘மிளகாய்’ ஆகிவிட்டது. அது நடந்திருக்க முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492-இல் கடல் கடப்பதற்கு முன் மக்காவிலோ மதுரையிலோ காயல்பட்டினத்திலோ அதன் ஒரு விதைகூட இருந்ததில்லை. 1226-இல் பக்தாதில் தொகுக்கப்பட்ட அல்-பக்தாதியின் சமையல் நூலில் மிளகாய் இல்லை. கி.பி. 1500-ஐ ஒட்டி மாண்டு சுல்தான்களின் அரண்மனையில் உருவான நிஃமத்நாமாவிலும் இல்லை. அக்பர் காலத்து ஐனே அக்பரி தரும் சமையல் குறிப்புகளில்கூடக் காரத்துக்கு மிளகும் இஞ்சியும்தான். இஞ்சியின் தகுதியோ தனி: சுவனவாசிகளின் பானத்தில் அது கலந்திருக்கும் என்று திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் கூறுகிறது.

ஆகவே, இன்று கொத்துமல்லியும் மிளகாயும் இன்றி அடுப்பேற்றாத நம் சமையலறைகள், வரலாற்றின் பெரும்பகுதியை மிளகாயே இல்லாமல் கழித்தவை. கறியும் சோறும் ஊறுகாயும் அப்போதும் இருந்தன. காரமும் இருந்தது.

மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் யார் என்பது நம் சமூகத்துக்கு இனிக்கும் செய்தியன்று. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தது மிளகைத் தேடி. அந்த மிளகு வணிகம் அன்று பெரிதும் முஸ்லிம்களின் கையில் இருந்தது. 1502-இல் மீண்டும் வந்த அவர், மக்காவிலிருந்து ஹாஜிகளோடு திரும்பிய ஒரு கப்பலைப் பிடித்து, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகளோடு எரித்தார். அடுத்து வந்த பத்தாண்டுகளில் போர்த்துக்கீசியர் கடலில் செல்லும் ஒவ்வொரு கப்பலுக்கும் ‘கர்தாஸ்’ எனும் அனுமதிச் சீட்டை விதித்தனர். சீட்டு வைத்திருந்தவரும் மிளகை ஏற்றக் கூடாது. மலபார் முஸ்லிம்கள் பட்ட துயரங்களை ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் தம் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலில் பதிந்துவைத்திருக்கிறார். அந்தக் கடல் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடிய குஞ்ஞாலி மரைக்காயர்களில் நான்காமவர் 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

நம் மிளகைப் பறித்த அதே கப்பல்களில்தான், 16-ஆம் நூற்றாண்டில், மிளகாய் விதை வந்தது. விதைக்குக் குற்றமில்லை. அல்லாஹ் படைத்த செடி அது. கொண்டுவந்தவன் கை எத்தகையதாயினும் அதன் பயன் நமக்கு ஹலால்.

அது ஏன் அத்தனை விரைவாக வேரூன்றியது? மிளகுக் கொடிக்கு மழை மிகுந்த மலைச்சாரல் வேண்டும். படர மரம் வேண்டும். காய்க்க ஆண்டுகள் வேண்டும். மிளகாய்ச் செடி கொல்லைப்புறக் குப்பைமேட்டிலும் வளரும். சில மாதங்களில் காய்க்கும். அதன் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. அவை பழத்தைத் தின்று விதையை எங்கெல்லாமோ போட்டுவிடுகின்றன. கேரளத்திலும் நாஞ்சில் நாட்டிலும் காந்தாரி மிளகாய் யாரும் விதைக்காமலே வேலியோரம் முளைப்பது இதனால்தான். எந்த அரசும் அனுமதிச் சீட்டு விதித்துத் தன் கைக்குள் வைக்க முடியாத காரம் அது. ஏழையின் வீட்டுக்கும் அது வந்து சேர்ந்தது.

வந்த பொருளுக்கு எல்லோரும் பழைய பெயரையே சூட்டினர். தமிழில் மிளகு போன்ற காய், மிளகாய். மிளகைக் குறித்த ‘மரீச’ எனும் வடசொல்லின் வழியில் இந்தியில் ‘மிர்ச்’, சிங்களத்தில் ‘மிரிஸ்’, மாலத்தீவின் திவேஹி மொழியில் ‘மிருஸ்’. அரபியில் மிளகும் மிளகாயும் ‘ஃபில்ஃபில்’ என்ற ஒரே சொல்லில் அடங்குகின்றன. இலங்கை முஸ்லிம்களின் பேச்சில் அது ‘கொச்சிக்காய்’; கொச்சித் துறைமுகம் அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது.

பெயரைப் போலவே, காக்கும் முறையும் பழையதுதான். இப்னு பதூதா கண்ட சாடியில் மிளகுக் கொத்து இருந்த இடத்தில் மிளகாய் அமர்ந்தது. உப்பும் காடியும் மாறவில்லை. கோழிக்கோட்டுக் கடற்கரையில் மாங்காயும் நெல்லிக்காயும் காந்தாரியோடு ஊறிக் கிடக்கும் ‘உப்பிலிட்டது’ சாடிகள் அந்த வழியில் வந்தவை. நம் மோர் மிளகாயும் அப்படியே: கீறிய மிளகாயை உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் இட்டு, மோர் வற்றும்வரை தொடர்வது. புளிப்பும் உப்பும் வெயிலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிருமியை அண்டவிடாமல் செய்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மலாய் முஸ்லிம்களின் அச்சாற்றில் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் பேரீச்சம்பழத்தோடு காடியில் ஊறுகின்றன. அரபகத்துக் கனியும் அமெரிக்கக் காயும் ஒரே சாடியில்! என் எண்ணத்தில், நெய்ச்சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை.

காடியைப் பற்றி ஒரு சொல். நபி (ஸல்) அவர்கள் அதை நல்ல தொடுகறி என்று புகழ்ந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. மது தானாகவே காடியாக மாறினால் அது ஆகுமானது என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடில்லை. அதில் வேறொரு பொருளைச் சேர்த்து மாற்றினால் ஹனஃபி மத்ஹபில் ஆகும். நம் கடற்கரையோர ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. கடையில் வினிகர் வாங்கும்போது அது எதிலிருந்து செய்யப்பட்டது என்று புட்டியைத் திருப்பிப் பார்ப்பது இதனால் நல்லது.

மேற்கே துனீசியாவில் வேறொரு வழி. வெயிலில் காய்ந்த மிளகாயின் காம்பும் விதையும் நீக்கி, கழுவி, இடித்து, உப்பும் பூண்டும் கொத்துமல்லி விதையும் சேர்த்து ஹரீஸா செய்கின்றனர். சாடியில் அழுத்தி வைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் காக்கின்றனர். 2022-இல் யுனெஸ்கோ இதை மானிட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதைப் பார்த்துப் பச்சை மிளகாயையும் பூண்டையும் ஈரத்தோடு அரைத்து, எண்ணெய் ஊற்றி, அடுப்பு மேடையிலேயே வைப்போர் இன்று உண்டு. அது ஆபத்து. காற்றுப் புகாத, புளிப்பில்லாத ஈரத்தில் பொட்டுலிசம் எனும் கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரும். நாற்றமோ நிறமாற்றமோ தெரியாமலும் இருக்கலாம். முன்னோர் முதலில் நன்றாகக் காயவைத்தனர், அல்லது உப்பும் புளிப்பும் ஏற்றினர். அதன் பிறகே எண்ணெய். பச்சையாக அரைத்ததைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்த வற்றலைத் துடைத்துப் பயன்படுத்துவதும் கூடாது. அதில் இருக்கக்கூடிய அஃப்ளடாக்சின் சமையல் சூட்டில் அழிவதில்லை. இஸ்ராஃப் ஆகிவிடுமே என்று தயங்கத் தேவையில்லை; நஞ்சை எறிவது வீண்விரயம் ஆகாது.

கடும் காரத்தின் கதை நம் காலத்தது. 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலார் காரத்தை அளக்க ஒரு முறையை வகுத்தார். 2007-இல் வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜொலோக்கியா அந்த அளவில் பத்து இலட்சத்தைத் தாண்டிக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. 2023-இல் ‘பெப்பர் எக்ஸ்’ என்ற கலப்பினம் 26,93,000-ஐ எட்டியது. பந்தயத்துக்காக இவற்றை விழுங்கி மருத்துவமனைக்குச் செல்வோரை உணவு உண்பவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கடுங்காரக் காயை அடக்கமாகக் கையாளும் சமையலும் உண்டு. மாலத்தீவின் ‘கிதேயோ மிருஸ்’ பூத் ஜொலோக்கியாவின் உறவுக் காய். உறைப்போடு மணமும் மிக்கது. இப்னு பதூதா காஜியாக அமர்ந்து மீன் உண்ட அதே தீவுகளில், அவருக்குப் பின் வந்த இந்தக் காய் இன்று மீன் சாற்றோடு சேர்ந்து உண்ணப்படுகிறது. இத்தகைய காயைக் கீறாமல் முழுதாகக் குழம்பில் மிதக்கவிட்டு, மணம் இறங்கியதும் உடையாமல் எடுத்துவிடலாம். காரம் பெரும்பாலும் விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெளிர்நிறத் தசையில் இருக்கிறது. அதை நீக்கினாலே உறைப்பு வெகுவாகக் குறையும். மிகுந்தவற்றைக் கழுவித் துடைத்து உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். குளிரில் காரம் குறைவதில்லை.

காரத்தைத் தரும் கேப்சைசின் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். நாக்கு எரியும்போது தண்ணீரைவிடப் பாலும் தயிரும் உதவுவது இதனால்தான். அஸருக்கு முன் மிளகாய் நறுக்கியவர் வெறும் நீரில் கைகழுவிவிட்டு உளூச் செய்யப் போனால், மூக்குக்கும் கண்ணுக்கும் அந்த எரிச்சல் போய்ச் சேரும். முதலில் கையில் சிறிது தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பிட்டு இரண்டு முறை கழுவ வேண்டும். நகக்கண்ணையும் மறக்கக் கூடாது.